போலிப் பல்கலைக்கழகத்தின் மீது வழக்கு: பட்டத்தைக் கேட்பதா, பணத்தைக் கேட்பதா?

கேள்வி: திருச்சியில் உள்ள ஒரு ஸ்டடி சென்டர் மூலமாக, வெளிமாநிலப் 'பல்கலைக்கழகம்' ஒன்றில் என் தங்கை பிபிஏ சேர்ந்தாள். ஒன்றரை வருடக் கட்டணம் கட்டியாகிவிட்டது. இப்போது பார்த்தால் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகரித்த பல்கலைக்கழகங்களின் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. இப்படிப்பட்ட இடங்களை அரசு ஏன் இழுத்து மூடுவதில்லை? வழக்குப் போட்டால் அவள் படிப்பைச் செல்லத்தக்கதாக்க முடியுமா?

பதில்:

இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னது. முடியாது. சட்டப்படி உருவாகாத ஒரு பல்கலைக்கழகம் கொடுக்கும் பட்டத்துக்கு எந்த நீதிமன்றமும் உயிர் கொடுக்காது. ஆனால் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க வழி இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, பட்டத்துக்காகவே வருடக்கணக்கில் அலைந்து, பணத்தைக் கேட்க வேண்டிய காலக்கெடுவைத் தவறவிட்ட குடும்பங்கள் நிறைய. உங்கள் தங்கை விஷயத்தில் அது நடக்கக் கூடாது என்பதால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில், ஏன் மூடுவதில்லை என்பது. 1956ஆம் ஆண்டு யுஜிசி சட்டத்தில் மூன்று பிரிவுகளைப் பார்த்தால் போதும். 22வது பிரிவு பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு என்று சொல்கிறது: மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம், 3வது பிரிவின்கீழ் நிகர்நிலைத் தகுதி பெற்ற நிறுவனம், நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அதிகாரம் தந்த நிறுவனம். அவ்வளவுதான். வேறு எவரும் பட்டம் தர முடியாது. 23வது பிரிவின்படி, சட்டப்படி அமையாத நிறுவனம் தன் பெயரில் 'யுனிவர்சிட்டி' என்ற சொல்லைச் சேர்க்கக் கூடாது. சரி, மீறினால்? அதற்கு 24வது பிரிவு: ஆயிரம் ரூபாய் வரை அபராதம். சிறை கிடையாது. 1956இல் ஆயிரம் ரூபாய் ஒரு தொகை. இன்று ஒரு மாணவரின் தேர்வுக் கட்டணத்துக்கே அது காணாது. தண்டனையைக் கடுமையாக்க 2010இல் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. உயர்கல்வி நிறுவனங்களின் முறைகேடுகளைத் தடுப்பதற்கானது. நிறைவேறாமலே கிடந்து, 2014இல் அவை கலைந்தபோது காலாவதியானது.

ஆகவே யுஜிசியின் கையில் இருப்பது பெரும்பாலும் எச்சரிக்கைப் பலகைதான். அவ்வப்போது போலிப் பல்கலைக்கழகப் பட்டியலை வெளியிடுகிறது. மாநில அரசுகளுக்குக் கடிதம் எழுதுகிறது. சட்டம் ஒழுங்கு மாநிலத்தின் பொறுப்பு என்று டெல்லி சொல்லும். உயர்கல்வித் தரம் மத்தியின் பொறுப்பு என்று மாநிலம் சொல்லும். 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 24 பெயர்கள்; உத்தரப் பிரதேசத்தில் 8, டெல்லியில் 7. தர்பங்காவின் மைதிலி பல்கலைக்கழகம், நாக்பூரின் ராஜா அரபிக் பல்கலைக்கழகம், டெல்லி தரியாகஞ்சின் கமர்ஷியல் யுனிவர்சிட்டி லிமிடெட் என்று சில பெயர்கள் வருடக்கணக்காக இந்தப் பட்டியல்களில் இடம்பெற்று வந்தன. நம் பக்கமும் விலக்கில்லை. திருச்சி புத்தூர் முகவரியோடு ஒரு 'சமஸ்கிருதப் பல்கலைக்கழகம்' முன்பெல்லாம் இந்தப் பட்டியலில் இருந்தது. பிந்தைய பட்டியல்களில் புதுச்சேரி முகவரியில் ஒரு 'அகாடமி' இருக்கிறது.

இந்தப் பட்டியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போலிகளின் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் ஒரு நிறுவனம் நல்லதாகிவிடாது. யாராவது புகார் கொடுத்து யுஜிசியின் கண்ணில் பட்டவை மட்டுமே அதில் இருக்கும். நீங்கள் செய்ததுபோல அங்கீகாரம் பெற்றவற்றின் பட்டியலைப் பார்ப்பதுதான் முறை. ஐஎஸ்ஓ சான்று, சிறுதொழில் பதிவு, டிரஸ்ட் பதிவு எண், 'கவர்ன்மென்ட் ஆஃப் இந்தியா ரிஜிஸ்டர்டு' என்று பிராஸ்பெக்டஸில் எத்தனை முத்திரை இருந்தாலும், அவற்றில் ஒன்றுகூட 22வது பிரிவின் உரிமையைத் தராது. கல்வி நிறுவனங்களின் தரத்தைப் பார்க்கும் நாக் அமைப்பின் மதிப்பீடும் அங்கீகாரமும்கூட வேறு வேறு. பட்டம் தரும் உரிமை முதலில் இருக்க வேண்டும். தரம் பார்ப்பது அதற்கு அப்புறம்.

இனி வழக்குகளுக்கு வருகிறேன். மூன்று பெரிய வழக்குகளில் மாணவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் உங்கள் நிலை புரியும்.

ஒன்று சத்தீஸ்கர். 2002இல் அந்த மாநிலம் தனியார் பல்கலைக்கழகச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அரசிதழில் ஓர் அறிவிப்பு வந்தால் பல்கலைக்கழகம் பிறந்துவிடும். கட்டடம், நூலகம், ஆசிரியர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குறுகிய காலத்தில் 112 பல்கலைக்கழகங்கள்! யுஜிசியின் முன்னாள் தலைவரும் இயற்பியலாளருமான யஷ்பால் உச்ச நீதிமன்றம் போனார். 2005 பிப்ரவரி 11 அன்று அந்தச் சட்டத்தின் 5, 6ஆவது பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பு. அத்தனை பல்கலைக்கழகங்களும் ஒரே நாளில் இல்லாமல் போயின. அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களை நீதிமன்றம் கைவிடவில்லை. அந்த நிறுவனங்களை மாநிலத்தின் பழைய பல்கலைக்கழகங்களோடு இணைக்க நடவடிக்கை எடுக்கும்படி அரசுக்குச் சொன்னது. இது எப்படிச் சாத்தியமானது? அந்த நிறுவனங்கள் ஒரு சட்டத்தின்கீழ், அரசின் அறிவிப்போடு தொடங்கியவை. மாணவர் நம்பியது அரசை. தவறு அரசின் தவறு. உங்கள் தங்கை சேர்ந்த இடத்துக்கு அப்படி எந்த அடித்தளமும் இல்லை. இதை முன்னுதாரணமாகக் காட்டி பட்டம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் பொறியியல் படிப்பு. ஒடிஷா லிப்ட் இரிகேஷன் கார்ப்பரேஷன் வழக்கு என்று இதைச் சொல்வார்கள். தபாலில் பிடெக் படித்த பட்டம் பதவி உயர்வுக்குச் செல்லுமா என்று ஓர் அலுவலகத்தில் கிளம்பிய சண்டை, கடைசியில் நாட்டையே பாதித்தது. ராஜஸ்தானில் இரண்டு, அலகாபாத்தில் ஒன்று, சேலத்தின் விநாயகா மிஷன்ஸ் என நான்கு நிகர்நிலை நிறுவனங்கள் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇயின் அனுமதி இல்லாமல் தொலைநிலையில் பொறியியல் நடத்தியிருந்தன. 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இது: 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைப்பு, ஏஐசிடிஇ நடத்தும் தேர்வில் தேறினால் பட்டம் மீளும், அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. ரத்தானவர்களுக்கு அவர்கள் கட்டிய பணத்தை 2018 மே 31க்குள் திருப்பித் தர வேண்டும். அனுமதி கொடுத்த அதிகாரிகள்மீது சிபிஐ விசாரணை. பட்டம் போனாலும் பணம் திரும்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே தேதி குறித்துச் சொன்ன தீர்ப்பு இது. உங்கள் வழக்குரைஞர் கையில் இருக்க வேண்டிய தீர்ப்பும் இதுதான்.

மூன்றாவது எல்லாருக்கும் தெரிந்த ஐஐபிஎம் என்ற தனியார் மேலாண்மைக் கல்வி நிறுவனம். செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம். சென்னை உள்படப் பல ஊர்களில் வளாகம். இங்கே பட்டம் தர உரிமை இல்லை என்பதால், பெல்ஜியத்தின் ஒரு நிறுவனம் எம்பிஏ தருவதாகச் சொன்னார்கள். அந்த நிறுவனத்துக்கு பெல்ஜியத்திலேயே அங்கீகாரம் இல்லை. ஐஐபிஎம் பல்கலைக்கழகம் அல்ல, பட்டம் தர அதற்கு உரிமை இல்லை என்று 2012இல் யுஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டது. அடுத்து நடந்ததுதான் கூத்து. 2013 பிப்ரவரியில் குவாலியர் நீதிமன்ற உத்தரவு ஒன்றின் பேரில், ஐஐபிஎம்மைப் பற்றிய 73 இணையப் பக்கங்கள் முடக்கப்பட்டன. அவற்றில் யுஜிசியின் அந்த அறிவிப்பும் ஒன்று! மாணவரை எச்சரித்த அரசு அமைப்பின் பக்கத்தையே தொலைத்தொடர்புத் துறை மூடி வைத்த கதை இந்தியாவில் நடந்திருக்கிறது.

ஒருவழியாக 2014 செப்டம்பர் 26 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு பொதுநல வழக்கில் தீர்ப்பளித்தது. எம்பிஏ, பிபிஏ, பிசினஸ் ஸ்கூல், பி-ஸ்கூல் போன்ற சொற்களை ஐஐபிஎம் பயன்படுத்தக் கூடாது. தனக்கு அங்கீகாரம் இல்லை என்பதைத் தன் தளத்தில் தெரியும்படி போட வேண்டும். 25,000 ரூபாய் வழக்குச் செலவு. அடுத்த வருடம் வளாகங்களை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். பொதுநல வழக்காக இது வெற்றிதான். இனிமேல் சேரப்போகிறவர் தப்பித்தார். ஏற்கெனவே லட்சங்களைக் கட்டியவருக்கு? பொதுநல வழக்கில் கேட்கப்படுவது தடை, கிடைப்பதும் தடை. கட்டணத்தை மீட்க வேண்டியது அவரவர் பாடு. அதனால்தான் 'மூடவைக்க வேண்டும்' என்ற உங்கள் ஆத்திரத்தை இரண்டாமிடத்தில் வைக்கச் சொல்கிறேன். நாளைக்கே பூட்டிவிட்டால் ஸ்டடி சென்டர்காரர் போனை எடுக்கமாட்டார். அதை நடத்தும் டிரஸ்டின் வங்கிக் கணக்கு காலியாகிவிடும்.

அமெரிக்காவில் ஹவாய் மாநிலம் இதை வேறு மாதிரி அணுகியது. தபால் பெட்டி எண் ஒன்றை வைத்துக்கொண்டு உலகம் முழுக்கப் பட்டம் விற்றவர்கள் அங்கே கடை விரித்திருந்தார்கள். அந்த மாநிலச் சட்டத்தில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாமல் பட்டம் தர வேண்டுமா, தா. ஆனால் மாநிலத்துக்குள் அலுவலகம் இருக்க வேண்டும், அங்கேயே வசிக்கும் ஊழியர் ஒருவராவது இருக்க வேண்டும், அங்கேயே படிக்கும் மாணவர் 25 பேராவது இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லை என்பதை விளம்பரத்திலும் கையேட்டிலும் சொல்லியாக வேண்டும். மீறினால் நியாயமற்ற வணிக நடைமுறை என்று கணக்கு. ஒவ்வொரு மீறலுக்கும் 500 முதல் 10,000 டாலர் வரை அபராதம். வழக்குப் போட்டது கல்வித் துறை அல்ல, நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம். பாடம் தரமானதா, பேராசிரியர் தகுதியானவரா என்ற முடிவில்லாத வாதத்துக்கு அங்கே வேலையே இல்லை. உண்மையைச் சொன்னாயா, சொல்லவில்லையா? அவ்வளவுதான் கேள்வி. என்னைக் கேட்டால், நம் ஊரிலும் வேலைக்காகிற வழி இதுதான். அதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை.

ஏனென்றால் நம் உச்ச நீதிமன்றம் 2009லேயே இந்தப் பாதையைத் திறந்துவிட்டது. பாட்னாவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி, மகத் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருப்பதாகவும் பல் மருத்துவக் கவுன்சிலின் அங்கீகாரம் இருப்பதாகவும் விளம்பரம் செய்து ஆள் சேர்த்தது. இரண்டும் பொய். 11 மாணவர்கள் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார்கள். கட்டணத்தை 12 சதவீத வட்டியோடும் இழப்பீட்டோடும் தரச் சொன்னது ஆணையம். புத்திஸ்ட் மிஷன் டென்டல் காலேஜ் வழக்கு என்ற பெயரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பொய் சொல்லிச் சேர்த்தது சேவைக் குறைபாடு என்பது தீர்ப்பின் சாரம்.

எதிர்த்தரப்பு வழக்குரைஞர் என்ன சொல்வார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'கல்வி நுகர்வோர் சேவையே அல்ல' என்பார். அதற்கு ஆதாரமாக 2010இன் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கையும், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2020 ஜனவரியில் தேசிய ஆணையம் சொன்னதையும் எடுத்துப்போடுவார். அந்த 2020 உத்தரவின்மீதான மேல்முறையீட்டை, தீர்ப்புகள் இரு விதமாக இருக்கின்றன என்று குறிப்பிட்டு, உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. உங்கள் பதில் எளிமையாக இருக்கட்டும்: நாங்கள் கல்வியின் தரத்தைப் பற்றிப் புகார் சொல்லவில்லை, கல்வி நிறுவனமே அல்லாத ஒன்று கல்வி நிறுவனம் என்று சொல்லிப் பணம் வாங்கியதைப் பற்றிச் சொல்கிறோம். மனுவின் முதல் பத்தியிலேயே இது வந்துவிட வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியவை. ஸ்டடி சென்டரில் போய்ச் சத்தம் போடுவதற்கு முன்னால் ஆதாரங்களைப் பத்திரப்படுத்துங்கள். பிராஸ்பெக்டஸ், அடையாள அட்டை, வாட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவுகள், இணையதளத்தின் ஸ்கிரீன்ஷாட். சத்தம் போட்ட மறுநாளே தளத்தில் 'யுஜிசி அப்ரூவ்டு' என்ற வரி காணாமல் போகும். மின்னணு ஆதாரத்துக்கு புதிய சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவுச் சான்று வேண்டும்; முன்பு 65பி என்றோமே, அதுதான். ரசீதுகளை எடுத்து நன்றாகப் படியுங்கள். இந்த மாதிரி வழக்குகளில் நான் பார்த்த ரசீதுகளில் பாதிக்கு மேல் பல்கலைக்கழகத்தின் பெயரே இருக்காது. ஏதோ ஓர் அறக்கட்டளையின் பெயர் மேலே இருக்கும், 'நன்கொடையாகப் பெற்றுக்கொண்டோம்' என்று கீழே இருக்கும். நாளைக்கு நீதிமன்றத்தில் 'அவர்களாக மனமுவந்து கொடுத்தது' என்று சொல்வதற்கான முன்னேற்பாடு அது. கட்டணம் என்பதைக் காட்ட, 'செமஸ்டர் ஃபீஸ் கட்டிட்டீங்களா' என்று அவர்கள் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். அதனால்தான் போனை மாற்றாதீர்கள், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள் என்கிறேன்.

கூடவே யுஜிசிக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு அனுப்புங்கள். ஒரே கேள்வி: இந்தப் பெயருள்ள நிறுவனத்துக்கு 22வது பிரிவின்கீழ் பட்டம் வழங்க உரிமை உண்டா? 30 நாளில் வரவேண்டிய அந்தப் பதில் உங்கள் வழக்கின் முதுகெலும்பு.

பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வெளிமாநிலத்துக்கு ஓட வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. கெடு இரண்டு வருடம், இதைத் தவறவிடாதீர்கள். எதிர்மனுதாரர்களில் 'பல்கலைக்கழகம்' மட்டும் இருந்தால் உத்தரவு கிடைத்தாலும் யாரிடம் போய் வசூலிப்பது? அறக்கட்டளை, அறங்காவலர்கள் ஒவ்வொருவரும், ஸ்டடி சென்டர் உரிமையாளர் எல்லாரையும் சேருங்கள். சேர்க்கைக்குக் கமிஷன் வாங்கியவர் 'நான் வெறும் ஏஜென்ட்' என்று நழுவப் பார்ப்பார், விடாதீர்கள்.

போலீஸ் புகாரும் இதோடு போகலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. தொகை பெரிது, பாதிக்கப்பட்டவர்கள் பலர் என்றால் மாவட்டக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) ஏமாற்றுதல், பழைய 420. ஏழு வருடம் வரை சிறை. யுஜிசி சட்டத்தின் ஆயிரம் ரூபாயோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்திருந்தால் 336(3)ம் சேரும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107வது பிரிவை விசாரணை அதிகாரிக்கு நினைவுபடுத்துங்கள். குற்றத்தால் சேர்த்த சொத்தை நீதிமன்றம் முடக்கி, மாவட்ட ஆட்சியர் மூலமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பகிர்ந்து தர அதில் இடமிருக்கிறது. தங்கையோடு படித்தவர்களைத் தேடிப் பிடியுங்கள். ஒருவர் கொடுத்தால் 'பணத் தகராறு, சிவில் விவகாரம்' என்று திருப்பி அனுப்புவார்கள். இருபது பேர் சேர்ந்து போனால் எஃப்ஐஆர் விழும்.

புகார் போனதும் சமாதானத்துக்கு வருவார்கள். பணம் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை. புகாரைத் திரும்பப் பெறுவதைப் பணம் கணக்கில் ஏறிய பிறகு பேசுங்கள். பின்தேதியிட்ட காசோலை தந்தால், அது திரும்பி வந்த தகவல் கிடைத்த 30 நாளுக்குள் செலாவணி முறிச் சட்டத்தின் 138வது பிரிவு நோட்டீஸ் போய்விட வேண்டும். இன்னொரு வலை இதைவிட மோசம். 'வேறொரு நல்ல யுனிவர்சிட்டிக்கு மாற்றித் தருகிறோம், பேக் டேட் அட்மிஷன், வருஷம் வீணாகாது' என்பார்கள். படிக்காத வருடத்துக்குப் போட்ட சேர்க்கை அது. அதில் வரும் சான்றிதழை நாளைக்கு வேலைக்குக் காட்டினால், போலி ஆவணத்தை உண்மை என்று பயன்படுத்திய குற்றம் உங்கள் தங்கை மேல் வரும். இன்றைக்கு அவள் பாதிக்கப்பட்டவள். அதில் கையெழுத்துப் போட்டால் குற்றம் சாட்டப்பட்டவள்.

படிப்பைப் பொறுத்தவரை, அங்கே எழுதிய தேர்வு எதுவும் வேறெங்கும் கணக்கில் சேராது. முதல் வருடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைத்தால் சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ இக்னோவோ பார்க்கலாம். எதில் சேர்ந்தாலும் அந்தப் பாடப்பிரிவுக்கு அந்த வருடத்துக்கு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டெப்) அனுமதி தந்திருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகம் பெரியது, பழையது என்பது மட்டும் போதாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அனுமதி என்று 2022 மார்ச்சில் யுஜிசி அறிவித்தது நினைவிருக்கும். இப்போது தொலைநிலைச் சேர்க்கைக்கு மாணவர் யுஜிசி தளத்தில் டெப் ஐடி ஒன்று உருவாக்க வேண்டும். அதைக் கேட்காமலே சேர்த்துக்கொள்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

பிளஸ் டூ ஒரிஜினல் மதிப்பெண் சான்றிதழை ஸ்டடி சென்டர் வாங்கி வைத்திருக்கிறதா என்று தங்கையிடம் இன்றே கேளுங்கள். வைத்திருந்தால் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே ஏதாவது காரணம் சொல்லி வாங்கிவிடுங்கள். தர மறுத்தால் அதைப் புகாரில் தனிப் பத்தியாக எழுதுங்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் நகல் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். புதிய சேர்க்கை அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.